சிவப்பில் கிடந்த ஊசி

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ ஒரே பாட்டை இரண்டு ஸ்டுடியோவில் மாஸ்டரிங், அதுதான் வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சீர்படுத்துகிற வேலை, செய்து அனுப்பி மூன்று வாரமாகிறது. அன்றைக்கே கேட்டுவிட்டேன். பதில் எழுதாதது என் தப்பு.

"ரெண்டாவதுதான் நல்லாருக்கு, ஆனா ரேட்டு ஜாஸ்தி" என்று எழுதியிருந்தாய். போனில் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்புறம் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, இரண்டும் ஒரே சத்தத்தில் வருகிற மாதிரி வால்யூமைத் திருகி வைத்துக் கேட்டேன். முதலாவதுதான் மக்கா. இரண்டாவதில் சத்தம் கூடுதல், அவ்வளவுதான். சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று நம்பிவிடும். சரணத்துக்குப் போகுமுன் நீ மூச்சு இழுக்கிற இடம் இருக்கிறதே, முதலாவதில் அது மெல்லக் கேட்கிறது. மற்றதில் மூச்சும் பாட்டும் ஒரே உயரம். ஸ்பாட்டிஃபையில் சத்தமான பாட்டை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் என்கிற சத்த அளவுக்கு இறக்கித்தான் ஒலிபரப்புவார்கள் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதானே சொன்னாய்? அவர்கள் இறக்கிய பிறகு நசுங்கியது மட்டும்தான் மிஞ்சும்.

இன்னும் வேறு ஸ்டுடியோ பார்ப்பதானால் சுவரில் தொங்கும் ஷீல்டைப் பார்க்காதே. நடு நாற்காலியில் உட்கார்ந்து, உனக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடச் சொல். அந்த அறையில் பேஸ் என்கிற அடிச்சத்தம் ஒழுங்காகக் கேட்காவிட்டால் அங்கே இருப்பவர் எதை வைத்துச் சரிசெய்வார்? குரலையும் வாத்தியங்களையும் கலந்து மிக்ஸ் செய்த சிநேகிதனே இதையும் செய்கிறேன் என்றால் வேண்டாம். உன்னோடு நூறு தடவை கேட்டுப் பழகிய காது அது, புதுக் காது வேண்டும். மிக்ஸைக் கொடுக்கும்போது, சத்தத்தை நசுக்கி ஏற்றுகிற லிமிட்டரைக் கழற்றிவிட்டு, சுருக்காத 24 பிட் வேவ் ஃபைலாகக் கொடு. எத்தனை தடவை திருத்தித் தருவார்கள் என்று பணம் கொடுக்குமுன் கேள். எதையும் ராத்திரியோடு முடிவு பண்ணாதே. தூங்கி எழுந்து, ஒரே சத்தத்தில் வைத்துக் கேள்.

அத்தை வீட்டில் எல்லோருக்கும் உன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு பாட்டுக்கும் பணம் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. நீ யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. ஆனால் பகல் பதினோரு மணிக்குப் போன் போட்டால் ஸ்டுடியோவில் இருக்கிறேன் என்கிறாய், அடுத்த வாரமும் அதையே சொல்கிறாய். அம்மாவிடமாவது ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா? ஆபீஸ் பஸ் இப்பவும் ஏழரைக்குத்தானே வருகிறது?

மறுபடியும் சொல்கிறேன், சத்தத்துக்கு ஆசைப்படாதே. இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது.

தாத்தாவின் வில்லுப்பாட்டு கேசட். 1991 கோயில் கொடையில் எடுத்தது. குடம் அடிக்கிற இடமெல்லாம் கிழிகிறதே, டேப் மோசம் என்றுதான் உன்னிடமும் சொல்லி வந்தேன். டேப் நல்ல டேப் மக்கா. சந்தை முக்குக் கடை கேசட்டைவிட நம்ம கேசட் கணீரென்று கேட்க வேண்டும் என்று நான்தான் லெவலை ஏற்றினேன். சத்தம் அளவு மீறினதைக் காட்டுகிற சிவப்பிலேயே மீட்டர் ஊசி கிடந்தது. உடுக்கை சேர்ந்தபோது ஓரத்தில் போய் முட்டி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், கை குறைக்கவில்லை.

மறுநாள் தாத்தா கடைக்கு வந்து ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து கேட்டார். "குடம் உடைஞ்ச மாதிரி இருக்குலே" என்றார். டேப்பு சரியில்லப்பா என்றேன். வேறொன்றும் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த கொடைக்கு அவர் இல்லை. அவர் குரல் நமக்கு அந்த ஒரு கேசட்டில்தான்.

உன் இரண்டாவது ஃபைலில் எனக்கு அந்தக் குடம்தான் கேட்டது. மூன்று வாரமாக எழுத வராமல் போனது அதனால்தான்.

கேசட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கிழிந்த இடம் கிழிந்ததுதான், இருந்தாலும் நீ தேர்ந்தெடுக்கிற ஆளிடம் ஒருதரம் காட்டு. அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் போட்டிருக்கிறாள். இரண்டையும் ஒரே பார்சலில் போடுகிறேன். ஆபீஸ் முகவரிக்கு அனுப்பவா, ரூம் முகவரிக்கா? எழுது.

அன்புடன்,
அப்பா