வராந்தா பெஞ்சில் ஒரு பாட்டி

அன்புள்ள தோழிக்கு,

மகளுக்குக் காய்ச்சல் விட்டதா? உடனே பதில் போட முடியாததற்குக் காரணம் ஒரு பையன், எட்டு வயது. அம்மா இல்லை, அப்பாவுக்குக் குடி. பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவனைப் பார்த்து யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்ய, 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவந்தார்கள். அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை எழுதுவது என் வேலை.

அம்மாவைப் பெற்ற பாட்டி காலை ஒன்பது மணிக்கே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் ரேஷன் கார்டு, பேரனின் தடுப்பூசி அட்டை, ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம். மதியம் இரண்டு மணிக்கு, "பையனை ஹோம்ல சேர்த்தாச்சு, நீங்க கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்து, "சூடு ஆறிப்போச்சு, பரவாயில்ல, சாப்பிடுவான்" என்றார். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே, வளர்க்கும் பொறுப்பு முதலில் குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. வறுமைதான் தடை என்றால் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் வழி இருக்கிறது. ஆனால் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம்?

நியூசிலாந்தில் குடும்பத்தைக் கேட்டு முடிவெடுப்பதை 1989-லேயே சட்டமாக்கிவிட்டார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோகிறீர்களே என்று அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் போராடியதன் பலன் அது. சொந்தபந்தங்களை உட்காரவைத்து நிலைமையைச் சொல்லிவிட்டு, அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விட வேண்டும், குடும்பம் தனியாகப் பேசி ஒரு முடிவோடு கூப்பிடும்போதுதான் திரும்ப வரலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த வெளியே போவதுதான். அடிக்கிற ஆளே அந்த அறையில் இருந்தால் என்று நீ கேட்பாய். அப்படிப்பட்டவரை வரவிடாமல் தடுக்க, கூட்டத்தைக் கூட்டும் ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டு, குழந்தைக்கு ஆபத்தான முடிவை ஏற்க வேண்டியதும் இல்லை. அப்பாவை நம்ப முடியவில்லை என்பதற்காகப் பாட்டியையும் சித்தியையும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

புதன்கிழமை மறுபடி குழு கூடுகிறது. பாட்டியோடு சித்தியையும் தாய்மாமனையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் தனியாகப் பேசப் பக்கத்து அறையையும் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள். நேற்று பையனைப் பார்த்தேன். பாட்டி வீட்டு ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டார்களா என்று மட்டும் கேட்டான். விற்கவில்லையாம், பாட்டியிடம் போனில் கேட்டுச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி