33 சென்ட், மூன்று துண்டு

வேலந்தாவளம்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்புள்ள அம்மிணி,

புரோகிராம் எழுதித் தரும் ஏஐ கருவிகளான கோபைலட், கர்சர், கிளாட் கோட் மூன்றில் டீமுக்கு எதை வாங்கலாம் என்று ஃபோனில் நீ கேட்டதுக்கு அப்போதே பதில் சொல்லாமல் "எழுதி அனுப்புகிறேன்" என்று வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுகிற மனுசனிடம் போய் எந்த ஏஐ வாங்கலாம் என்று கேட்கிறாளே என்கிறாள். நீயும் பாதி விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாய். ஆனால் ஆறு பேர் இருக்கிற டீமுக்கு நீ கை காட்டுவதைத்தான் மேனேஜர் வாங்கப்போகிறார் என்றால், அதை விளையாட்டாக எடுக்க எனக்கு மனசில்லை.

போன சனிக்கிழமை உன் அத்தை வீட்டுப் பையன் கோயமுத்தூரிலிருந்து வண்டியில் வந்திருந்தான். லேப்டாப்பைத் திறக்க வைத்து மூன்றையும் காட்டச் சொன்னேன். கோபைலட், நாம் தட்டத் தட்ட அடுத்த வரியைச் சாம்பல் நிறத்தில் முன்கூட்டியே காட்டுகிறது. டேப் அழுத்தினால் அது நம் வரி ஆகிவிடுகிறது. கர்சர் என்பது, புரோகிராம் எழுத உதவும் விஎஸ் கோடு என்ற எடிட்டரை எடுத்து மாற்றிக் கட்டிய தனி எடிட்டர். கிளாட் கோட், கட்டளை தட்டுகிற டெர்மினல் திரையில் உட்கார்ந்துகொண்டு, சொன்ன வேலைக்கு வேண்டிய ஃபைல்களைத் தானே தேடித் திறந்து, திருத்தி, செய்தது சரியா என்று பார்க்கும் டெஸ்டும் ஓட்டுகிறது. முதல் இரண்டும்கூட இப்போது அந்த வழிக்கு வந்துவிட்டன என்றான். 2021-ல் கோபைலட் முன்னோட்டமாக வந்தபோது வரியை நிரப்புவதே அதிசயமாக இருந்ததாம்.

அப்புறம் எனக்கு ஓர் ஆசை. நம் தொழில் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். உனக்குத் தெரியும், பாகம் பிரிக்க வருகிறவர்கள் பேசுவது சென்ட்டில், நாம் ஆதாரத்தில் எழுதுவது ஆரில், ஓர் ஆர் நூறு சதுர மீட்டர். 33 சென்ட் வீதம் மூன்று துண்டு, ஒவ்வொன்றும் எத்தனை ஆர், மொத்தம் எத்தனை என்று போடச் சின்ன புரோகிராம். மூன்றில் எதிடம் கேட்டான் என்பதை விடு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எழுதி முடித்துவிட்டது. கூடவே ஐந்து டெஸ்டும் எழுதி, ஐந்தும் பச்சை, அதாவது பாஸ்.

துண்டுக்கு 13.35 ஆர், மொத்தம் 40.05 என்று வந்தது. நான் பழைய பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 99 சென்ட்டுக்கு 40.06 வர வேண்டும். அது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக இரண்டு புள்ளிக்குச் சுருக்கிவிட்டு, சுருக்கியதைக் கூட்டியிருக்கிறது. குறைவது ஒரு சதுர மீட்டர், ஒரு கட்டில் போடக்கூடக் காணாது. ஆனால் கூட்டும் மொத்தமும் ஒத்துவராத ஆதாரத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பையனைத் திகைக்க வைத்தது அந்தப் பச்சைதான். புரோகிராம் எப்படிச் சுருக்கியதோ, டெஸ்டும் அப்படியே சுருக்கி எழுதப்பட்டிருந்தது. தப்புப் பண்ணினவனே சாட்சிக்கும் வந்தால் வேறென்ன சொல்வான்?

இதில் அதை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ பிறப்பதற்கு முந்தின வருடம், முன்னாதாரத்தைப் பார்த்து நான்கு எல்லையை அப்படியே நகல் எடுத்தேன். கிழக்கே வாய்க்கால் என்று இருந்தது. வாய்க்காலுக்கு இப்பால் பத்தடி நடைபாதை எப்போதோ விட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு பிழைத்திருத்த ஆதாரம் என் செலவில். அதிலிருந்துதான் ஒருவர் பழையதை உரக்கப் படிக்க, இன்னொருவர் புதியதில் விரல் வைத்து ஒத்துப் பார்க்கும் வழக்கத்தை நம் திண்ணையில் கொண்டுவந்தேன். சின்ன வயதில் நீயும் விரல் வைத்திருக்கிறாய், மிட்டாய்க் கூலிக்கு.

ஆகவே அம்மிணி, எது வேகமாக எழுதுகிறது என்று பார்க்காதே, மூன்றும் வேகம்தான். எது மாற்றியதை உன்னால் அலுப்பில்லாமல் ஒத்துப் பார்க்க முடிகிறது என்று பார். பையன் காட்டினான், நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் வரும் என்று. நாலு வரி கேட்டால் நாலு ஃபைலில் கை வைக்கிறதா, கேட்டதோடு நிற்கிறதா? என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் அங்கேதான்.

புது உதாரணத்தில் சோதிக்காதே. உங்களிடம் யாரும் தொடப் பயப்படுகிற பழைய புரோகிராம் கோடு இருக்குமே, அதில் இரண்டு வாரம் ஓட்டிப் பார். நேரத்தை மனசால் கணக்குப் போடாமல் எழுதி வை. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் வெளியிட்டதை நீதான் அனுப்பியிருந்தாய். அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள், தங்களுக்குப் பழகிய புராஜெக்டுகளில் 246 வேலைகள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று நினைத்துத் தொடங்கினார்கள். நிஜத்தில் 19 சதவீதம் கூடுதலாகப் பிடித்தது. முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சம் என்றே நம்பியிருக்கிறார்கள்! 16 பேரை வைத்து உலகத்தை முடிவு கட்ட முடியாது, அவர்கள் கையில் இருந்ததும் அந்த வருடத் தொடக்கத்துக் கருவிகள். ஆனாலும் அந்தக் கடைசி விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

உங்கள் டீம் எழுதுவது விஎஸ் கோடிலா, இன்டெல்லிஜே என்கிற இன்னொரு எடிட்டரிலா? இன்டெல்லிஜே என்றால், கர்சருக்காக ஆறு பேரும் கைப்பழக்கத்தை மாற்ற வேண்டி வரலாம். கோபைலட் அதற்குள்ளேயே உட்காரும், டெர்மினலில் ஓடும் கிளாட் கோடுக்கு எடிட்டர் எதுவானாலும் சரி. கோபைலட்டிலும் கர்சரிலும் உள்ளே ஓடும் மாடலை, அதாவது ஏஐயின் மூளையை, பல கம்பெனிகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பதால், சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்யாதே. தனி ஆளுக்கு மாதம் 10 டாலர், 20 டாலர் என்று பையன் சொன்னான், அந்த விலையும் வரம்பும் மாறிக்கொண்டே இருக்கிறதாம். கஸ்டமர் கோடு எங்கே போகிறது என்பதை மட்டும் நீயே வரி விடாமல் படி. தனி ஆள் திட்டத்தின் விதியும் கம்பெனித் திட்டத்தின் விதியும் ஒன்றில்லை.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாயே, அவர்களிடம் இந்தக் கருவியைக் கொடுக்க நான் கொஞ்சம் தயங்குவேன். என் குரு இரண்டு வருடம் நகல் மட்டும் எடுக்க விட்டார், அப்போது திட்டினேன்.

ஆழியாறு தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது, தோப்புக்குப் பாய்ச்சியாயிற்று. அம்மா தேங்காய் எண்ணெய் ஆட்டி வைத்திருக்கிறாள், ஓணம் லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள். அதற்குள் இந்த 33 சென்ட் கணக்கை உங்கள் மூன்றிடமும் கொடுத்து, எதற்கு 40.06 வந்தது என்று ஃபோனில் சொல்.

அன்புடன்,
அப்பா