தீனிச் செலவு பாதிகூட இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வாங்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன: ஒரு மூட்டைத் தீனி என்ன விலை, எத்தனை நாள் வரும். மற்ற செலவுகள் வரிசையாக வரும்போது கை திணறுகிறது. பினாங்கில் சந்தைப் பக்கமும் உணவுக் கடைகளின் பின்புறமும் கொண்டுபோய் விடப்படும் பிராணிகளுக்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஒரு வருடச் செலவை முன்கூட்டியே எழுதிப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் தீனி. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 630 கலோரி போதும். உலர் தீனி என்றால் சுமார் 180 கிராம், வருடத்துக்கு 65 கிலோ. 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 65 கிராம், வருடத்துக்கு 24 கிலோ. குவளையில் அள்ளிப் போடாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கண் அளவு எப்போதும் கூடத்தான் போகும், காசும் எடையும் சேர்ந்து ஏறும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 15 கிலோ மூட்டை வாங்குவது ஒரே நாய் உள்ள வீட்டுக்கு லாபமில்லை. அது தீர 80 நாளுக்கு மேல் ஆகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிரித்த மூட்டையின் கொழுப்பு அதற்கு முன்பே காறிப்போய்விடும். நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், மிச்சம் குப்பைக்குப் போகும். ஆறு வாரத்துக்குள் தீரும் அளவே சரி.

மிச்சச் சோற்றில் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் அதிகம். குழம்பில் வேகும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் விரைவாக. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். சோறே பெரும்பங்காகத் தின்னும் பூனைக்கு டாரின் என்ற சத்து குறைந்து கண்ணும் இதயமும் கெடும். தீனியில் மிச்சம் பிடித்த பணம் அப்படியே கிளினிக்குக்குப் போகும்.

பலர் கணக்கில் சேர்க்கவே சேர்க்காத செலவு உண்ணி மருந்து. குளிர்நாடுகளில் சில மாதம் உண்ணித் தொல்லை ஓயும்; இங்கே பன்னிரண்டு மாதமும் உண்டு. நாயின் மேல் நாம் பார்ப்பது சிறு பங்குதான். ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பிலும் கூண்டு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு மாதம் மருந்தைத் தவறவிட்டால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். பிறகு நான்கு வாரம் மாத்திரை, திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை, முற்றினால் இரத்தம் ஏற்றுவது வரை போகும். கழுத்தில் ஊற்றும் மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, பலன் போய்விடும். பெரிய நாய்க்கான உண்ணி மாத்திரையை உடைத்து இரண்டு குட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள். மருந்து இரு பாதியிலும் சமமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்தே போகலாம். கொசு வழியாக வரும் இதயப்புழுவுக்கும் தடுப்பு மருந்து உண்டு. சில மருந்துகள் இரண்டையும் சேர்த்தே தடுக்கும். விலையை ஒப்பிட்டுக் கேளுங்கள்.

இனி கணக்கு. கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் கடை, உங்கள் கிளினிக் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 10 கிலோ நாய்க்குத் தீனி கிலோ 12 வெள்ளி (ரிங்கிட்) என்றால் வருடத்துக்கு 780. உண்ணி, புழு மருந்து மாதம் 50 வீதம் 600. வருடாந்தரத் தடுப்பூசியும் பரிசோதனையும் 150. தீபாவளிக்கும் இன்னொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போகையில் பராமரிப்பு இல்லத்தில் ஆறு இரவு, 40 வீதம் 240. மொத்தம் 1,770, மாதத்துக்கு ஏறக்குறைய 148 வெள்ளி. இதில் தீனி 65 மட்டுமே. பண்டிகைக் காலத்தில் பராமரிப்பு இல்லங்கள் சீக்கிரமே நிறைந்துவிடும், தடுப்பூசி அட்டையும் கேட்பார்கள். குட்டி வாங்கிய முதல் வருடத்தில் 16 வாரம் வரை தொடர் தடுப்பூசிகளும் கருத்தடையும் இதற்கு மேல் சேரும். கருத்தடைச் செலவு கனமாகத் தெரிந்தால் ஜெலுத்தோங்கில் உள்ள பினாங்கு எஸ்.பி.சி.ஏ. பிராணி வதைத் தடுப்புச் சங்கத்திடம் விசாரியுங்கள். நாய் உரிமத்தை மாநகர் மன்றத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் விதியை முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பூனை வீட்டில் அது மலம், சிறுநீர் கழிக்கும் தட்டுக்கான மணலும் மாதச் செலவு. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூட வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வராவிட்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். குழாய் போட்டு, பல நாள் படுக்கவைத்து, பிறகு தனித் தீனியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட வேளைக்காக மாதம் 100 வெள்ளியாவது தனிக் கணக்கில் போட்டுவைப்பது அவசியம். காப்புறுதி எடுப்பதானால் இளம் வயதிலேயே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். சிகிச்சை தொடங்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். முழுத் தொகை கையில் இல்லையென்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை இன்றே வேண்டும், எது பொறுக்கும் என்று மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

கைவிடுவது தீர்வாகாது. 2015 விலங்கு நலச் சட்டத்தின்கீழ் அது குற்றம். 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

குட்டிகளை விற்கும் கடைகளும் தத்துக் கொடுக்கும் இல்லங்களும் இந்த ஒரு வருடக் கணக்கைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் ஒரு தாளில் அச்சிட்டு, பணம் வாங்குவதற்கு முன்பே குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். அதை உரிம நிபந்தனையாக்கும்படி மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடைக் கிளினிக் உதவியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு