சாகப் பயப்படுகிறவனை 1300 அத்தியாயம் ஓட விடாதீர்கள்

ச்சிதியென் என்ற சீன இணைய நாவல் தளத்தின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். 2016 முதல் 2018 வரை உங்கள் தளத்தில் எர் கென் எழுதிய 'எ வில் எடர்னல்' தொடரை ஆங்கிலத்தில் படித்தவர்களில் நானும் ஒருவன். சுமார் 1300 அத்தியாயம் ஓடி முடிந்துபோன கதைக்கு இப்போது என்ன கடிதம் என்று கேட்பீர்கள். சிரிக்க வைக்கும் கல்டிவேஷன் கதைகள், அதாவது தவமும் பயிற்சியும் செய்து சாகாவரம் தேடுகிறவர்களின் கதைகள், உங்களிடம் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இது சறுக்கிய இடத்திலேயே மற்றவையும் சறுக்குகின்றன.

இந்த வகைக் கதைகளில் நாயகன் பழிவாங்கக் கிளம்புவான், இல்லையென்றால் வானத்தையே எதிர்ப்பேன் என்பான். இந்த நாவலின் நாயகன் பாய் சியாவ்சுனுக்கு அதெல்லாம் வேண்டாம். சாகக் கூடாது, அவ்வளவுதான். குருவை வரவழைக்க ஊதுபத்தி கொளுத்தும்போதெல்லாம் இடி விழ, அலறிக்கொண்டு ஓடிவிடுகிறான். ஒருவழியாக செக்டில், அதாவது அந்தப் பயிற்சி கொடுக்கும் மடத்தில், சேர்ந்தால் அவனைத் தூக்கிச் சமையற்கட்டில் போடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் மொத்த நாவலின் உச்சம் அந்தச் சமையற்கட்டுதான். அங்கே இருக்கும் குண்டர்களுக்குப் பதவி உயர்வு என்றாலே அலர்ஜி. மூலிகையில் ஓரத்தை மட்டும் நறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை மேலே அனுப்புவார்கள். நம்ம ஆள் போன கொஞ்ச நாளிலேயே ஒரு யோசனை சொல்கிறான்: கிண்ணத்தின் அடியைக் கனமாகச் செய்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கிண்ணம், உள்ளே பிடிப்பதோ கொஞ்சம். மிச்சமாவது நமக்கு! பெரிய தத்துவம் பேசும் உலகத்தின் அடியில் இப்படி ஒரு கேன்டீன் கள்ளக்கணக்கு ஓடுவதுதான் வேடிக்கை. சாமர்த்தியமான வசனம் எதுவும் தேவைப்படவில்லை, அந்தக் கிண்ணம் போதும்.

அந்தப் பயம் வெறும் சிரிப்புக்காக வைத்ததும் இல்லை. லுவோசென் என்ற எதிரிக் குலம் துரத்தும்போது தப்பித்துப் போக வழி இருந்தும், கூட வந்தவர்களுக்காகத் திரும்பி வருகிறானே, அந்தக் கட்டம் உலுக்குகிறது. தைரியசாலி திரும்பி வந்தால் அது ஒரு செய்தியே இல்லை. அப்புறம் பாய் ஹாவோ பகுதி. செத்துப்போன ஒரு பையனின் பெயரில் நடமாடி, கடைசியில் அவன் ஆன்மாவையே சீடனாக ஏற்றுக்கொள்கிறான். கோமாளித்தனமும் துக்கமும் ஒன்றையொன்று கெடுக்காமல் எழுதுவது லேசான வேலை இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன். தோல் இரும்பாகி, எலும்பும் தசையும் உறுதியாகி, ஒரு கட்டத்தில் மலையை உடைக்கும் பலம் வந்துவிடுகிறது. அப்போதும் 'ஐயோ செத்துடுவேன்' என்று அலறினால் யார் நம்புவது? பயம் பொய்யானதும் அதைத் தாங்கி நின்ற சிரிப்பும் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரே வாய்பாடு: புது இடம், மருந்து காய்ச்சி ஊரை நாறடிப்பது, எல்லோரும் அடிக்க வருவது, பிறகு அவர்களே தலையில் தூக்கி வைப்பது, இவன் சட்டைக் கையை உதறிப் பெருமூச்சு விடுவது. முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு விரல் தானாகவே ஸ்க்ரோல் செய்தது. போகிற இடமெல்லாம் ஒரு பெண் அவன்மேல் ஆசைப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு வேறு வேலையே கிடையாது.

இதற்கு எழுத்தாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2003-இல் நீங்கள் கொண்டுவந்த விஐபி முறையில் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் வாசகன் காசு கட்டுகிறான். நீட்டினால் வருமானம், முடித்தால் நஷ்டம். போர்க்கதை அதைத் தாங்கும், எதிரியைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். நகைச்சுவைக்கு அந்த வசதி இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். நகைச்சுவைத் தொடருக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். முந்நூறு அத்தியாயத்தில் முடிக்கிறவருக்கு, முடித்ததற்காகவே ஒரு தொகை கொடுங்கள். ஒரே வேடிக்கை மூன்றாம் முறை வந்தால் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்புகிற ஓர் ஆசிரியரையாவது நியமியுங்கள். எழுத்தாளர் கோபப்படுவார், பரவாயில்லை.

இப்படிக்கு,
காசு கொடுத்துப் படிக்கும் ஒரு வாசகன்