தோலின் வயதை டின்னில் போடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீனப் பெருநாள் நெருங்கினால் ஜார்ஜ்டவுன் கடைகளில் ஆரஞ்சுத் தோல் கலந்த சீனச் சிவப்புத் தேயிலை டின் டின்னாக அடுக்கியிருக்கும். சீன நண்பர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்க நம்மவர்களும் ஆசையாக வாங்குகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் தோல் எந்த ஊருடையது, எத்தனை வருடப் பழசு என்பது பல டின்களில் இல்லவே இல்லை. இதை உள்நாட்டு வாணிப அமைச்சு கவனிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீன மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் நான். தோலை வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பது என் வேலை. குவாங்டோங் மாநிலத்தின் சின்ஹுய் வட்டாரத் தோல் என்றால் முதலாளி வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்தப் பழத்தில் சுளையைவிடத் தோலுக்குத்தான் விலை. அடியில் ஒட்டியிருக்க, மூன்று இதழாக உரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடுவார்கள். மூன்று வருடமாவது இருந்தால்தான் அது சென்பீ, அதாவது பக்குவமான பழைய தோல். புதுத்தோலின் உட்புறம் வெளேரென்று இருக்கும், புளிப்பு வாடை மூக்கில் ஏறும். வருடம் போகப் போக அது பழுப்பாகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் பைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். புளிப்பு அடங்கி மர வாசமும் மருந்து வாசமும் கலந்து வரும்.

வயது ஏற ஏற விலையும் ஏறும். ஏமாற்று நுழைவதும் அங்கேதான். போன பெருநாளுக்கு என் மருமகள் வாங்கி வந்த டின்னில் 'பழைய தோல்' என்று பொன்னெழுத்து. திறந்தால் பொடிப்பொடியாக நறுக்கிய தோல், உட்புறம் இன்னும் வெள்ளை. வெந்நீர் ஊற்றியதும் மிட்டாய் வாசனை குப்பென்று கிளம்பியது. இரண்டாம் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. நல்ல சென்பீயோ, பல தடவை வெந்நீர் ஊற்றிய பிறகும் தோலை மட்டும் தனியாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். அப்போதும் வாசம் இருக்கும்.

பொய் விவரம் போட்டுப் பொருள் விற்பது 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். சரி, 'பழைய' என்று மட்டும் போட்டால்? எத்தனை வருடம் என்று சொல்லாதவரை அது பொய் என்று யாரால் நிரூபிக்க முடியும்? அதனால் பழம் விளைந்த ஊர், தோல் உரித்த ஆண்டு, செயற்கை வாசனை உண்டா என்ற மூன்றையும் டின்னின் முன்பக்கத்திலேயே போடச் சொல்ல வேண்டும். மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் இருந்தால் மகிழ்ச்சி.

அப்புறம், வாங்குபவர்களுக்கு ஒன்று: தே ஓ (பாலில்லாமல் சீனி போட்ட தேநீர்) குடிக்கும் பழக்கத்தில் இதில் சீனி போட்டுவிடாதீர்கள். பாலும் வேண்டாம். தோலின் வாசம் அமுங்கிவிடும்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அடுத்த பெருநாளுக்கு முன்பே சில டின்களை வாங்கிப் பிரித்துப் பார்த்து, கண்டதை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடை முன்னாள் ஊழியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு