வால்பாறைக்கு எந்த வண்டி?

பொள்ளாச்சி

அன்புள்ள செந்தில்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல். சின்னவளின் கல்லூரிச் சேர்க்கை என்னவாயிற்று என்று மறக்காமல் எழுது.

பணிமாறுதல் ஆணை வந்துவிட்டது: வால்பாறை. தமயந்தியின் வேலையையும் மகனின் பன்னிரண்டாம் வகுப்பையும் கருதிக் குடும்பம் இங்கேயே இருக்கும். நான் மட்டும் திங்கள் விடியற்காலையில் மலையேறி, வெள்ளி மாலை பள்ளி விட்டதும் இறங்கி வர வேண்டும். ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உனக்குத் தெரியாததல்ல. அட்டகட்டியில் நீ வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிய இடத்தைக் குமரேசன் இன்றைக்கும் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான். ஆகவே கார் வாங்கியே தீர வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்குள், பழைய வண்டிதான்.

பார்த்தவற்றில் இரண்டு தேறின. ஒன்று, 2019ஆம் ஆண்டின் மாருதி வேகன் ஆர், 1.2 லிட்டர் பெட்ரோல். மற்றொன்று, 2017ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிடிஐ, 1.5 லிட்டர் டீசல், கியர் கையால் மாற்றுவது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உன் பதில் எனக்கு இப்போதே காதில் விழுகிறது. வேகன் ஆர் வாங்கிய நாள் முதலாக, கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட அதன் மைலேஜைப் பற்றித்தானே நீ பேசுகிறாய்! அதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம், உதிரிபாகம் மலிவு, நாளைக்கு விற்றாலும் கையைக் கடிக்காது, பின்னால் 341 லிட்டர் இடம் இருப்பதால் அரிசி மூட்டையும் பெட்டியும் ஒருசேர அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா அதில் குனியாமல் ஏறி, குனியாமல் இறங்கினார். போலோவில் இறங்கும்போது ஒரு கையைக் கதவின் மேல்விளிம்பிலும் மற்றொரு கையை என் தோளிலும் ஊன்றி, வலது காலை முதலில் வெளியே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னார். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தும் என் மனம் போலோவின் பக்கமே சாய்கிறது. அது வெறும் ஆசை அல்ல என்பதை உனக்கு விளக்கியாக வேண்டும்.

இரண்டையும் குரங்கு அருவிக்கு மேலே சில வளைவுகள் வரை ஓட்டிப் பார்த்தேன். வேகன் ஆர் எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது ஏற்றத்தில் வண்டியை இழுக்கும் சுழல் வலு, 113 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் சுற்று 4,000ஐத் தாண்டிய பிறகுதான் முழுமையாகக் கிடைக்கிறது. வளைவில் வேகம் குறைந்தவுடன் அது திணறுகிறது. முதல் கியருக்கு இறங்கி, எஞ்சினை அலறவிட்டு ஏற்ற வேண்டியிருக்கிறது. போலோவில் 250 நியூட்டன் மீட்டர், அதுவும் குறைந்த சுற்றிலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, அதே கியரில் அலட்டிக்கொள்ளாமல் வெளியே வந்துவிடுகிறது. திரும்புவதற்கு வேகன் ஆருக்குத்தான் குறைந்த இடம் போதும் என்பது உண்மை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் சக்கரம் சாலையில் எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரிவதும், திருப்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருப்பதும், பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுக்கு மட்டும் அது பிடிப்பதும் போலோவில்தான். எதிரே அரசுப் பேருந்து வளைவை அடைத்துக்கொண்டு இறங்கும்போது, ஓட்டுகிறவனுக்கு வேண்டியது இந்த நம்பிக்கைதான்.

இதையே நீ ஓட்டும் சுகம் என்று ஒதுக்குகிறாய். சமவெளியில், தினமும் பத்து கிலோமீட்டர் அலுவலகம் போய்வருகிறவனுக்கு அது சுகமாக மட்டும் இருக்கலாம். பருவமழையில், மூடுபனிக்குள், வாரந்தோறும் அந்த மலையில் ஏறி இறங்கப் போகிற எனக்கு அது பாதுகாப்பு. தங்கராசுக்கு அந்த விபத்து நேர்ந்த பிறகு அந்தச் சாலையை நான் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை, செந்தில். உலகளாவிய மோதல் சோதனை அமைப்பான குளோபல் என்கேப் 2014இல் போலோவைச் சோதித்தபோது, காற்றுப்பை இல்லாத வண்டிக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட அதே வண்டிக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கு 4 கிடைத்தன. 2019இல் வேகன் ஆர் பெற்றவை 2. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிற நாம் இந்த எண்ணையும் கேட்க வேண்டும்.

போலோவுக்கு எதிரான வாதங்களையும் மறைக்கவில்லை. இந்தியாவில் அதன் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. இதே எஞ்சின் வென்டோ, ரேபிட் கார்களிலும் ஓடுவதால் பாகங்களுக்கு முற்றாகத் திண்டாட வேண்டியதில்லை என்றாலும், விலை உன் வண்டியைப் போல் இராது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை; அதற்கும் கிளட்ச்சுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறேன். சென்னைப் பதிவெண் என்பதால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்றிருக்குமோ என்ற ஐயம் இருந்தது. மெக்கானிக் ராஜு அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்த்தார். சேற்றுக் கறை இல்லை. தரை விரிப்பைத் தூக்கி இருக்கையின் தண்டவாளத்தையும் தடவினார்; துரு இல்லை. கதவு ரப்பரை உரித்துப் பார்த்ததில் வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்தபடியே இருக்கின்றன; மோதி அடிபட்டுச் சரிசெய்த அடையாளம் இல்லை. ஒரு டயரில் மட்டும் 1222 என்றும் மற்றவற்றில் 3520 என்றும் பொறித்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் வந்த அந்த ஒன்றை ஏன் தனியாக மாற்றினார்கள் என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

அம்மாவின் கணக்கை நான் விட்டுவிடவில்லை. வார நாட்களில் வண்டி என்னோடு மலைமேல்தான் நிற்கும். கோவை மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை அவரை அழைத்துப்போக, உயரமான இருக்கையுள்ள வாடகை வண்டியை அமர்த்திக்கொள்ளலாம் என்று தமயந்தியே சொன்னாள். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தும் என் முடிவு மாறவில்லை. இன்னொன்றையும் உன்னிடம் சொல்லலாம்: வண்டி ஓட்டுவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். வீட்டைப் பிரிந்து போகிற அந்தத் திங்கட்கிழமைகளில் மனத்துக்கு உகந்த ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. கடன் தீர்ந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் கைக்கு வராமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கொண்டுவருவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். நீ வெள்ளி இரவே கிளம்பி வா. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே அதை முடுக்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைக் காட்டும் உன் ஓபிடி ஸ்கேனரையும் மறக்காமல் எடுத்து வா. அதில் ஏதேனும் பெரிய பழுது தெரிந்தால், மறுபேச்சின்றி வேகன் ஆரையே வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
சிவகுமார்