கங்கோத்ரி பனியாற்றில் என்னோடு நடந்த அண்ணனுக்கு

இமயமலையில், பனியாறு முடியும் இடமான கோமுக்கைத் தாண்டி, மேலே இருக்கும் தபோவனம் புல்வெளிக்குப் போகும் வழி. பனியாற்றின் நடுவே என் வலது ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்துவிட்டது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பனியாறு என்றால் வெள்ளைவெளேர் என்று இருக்கும் என நினைத்திருந்தேன். அங்கே மேலே முழுக்கக் கல்லும் மண்ணும்தான். காலை வைத்தால் சரிந்து அடியில் பனிக்கட்டி பளபளக்கும். வெயில் ஏற ஏறக் கற்கள் உருளும் சத்தம் வேறு.

அப்போதுதான் அண்ணா, வேறொரு குழுவின் சுமையோடு நீங்கள் வந்தீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை. மூட்டையை இறக்கி, அதைக் கட்டியிருந்த கயிற்றில் இரண்டு முழம் அறுத்து, குனிந்து என் ஷூவைச் சுற்றி இறுக்கிக் கட்டினீர்கள். முடிச்சு அடியில் இருந்தால் வழுக்கும் என்று சைகையிலேயே சொல்லி, பக்கவாட்டில் போட்டீர்கள். குளிரில் உங்கள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

சரி, அத்தோடு போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். கடைசிச் செங்குத்து ஏற்றம் முழுக்க எனக்கு ஒரு படி கீழேயே வந்தீர்கள். நான் சறுக்கினால் உங்கள் மேல்தானே விழுவேன்!

மேலே ஏறியதும் 6,543 மீட்டர் சிவலிங் சிகரம் எதிரே நின்றது. பார்த்துவிட்டுத் திரும்பினால் உங்களைக் காணோம். பெயரைக்கூடக் கேட்கவில்லையே!

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரைப் பார்த்தால் இந்தியில் சொல்லுங்கள்: அந்தக் கயிறு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.